ரெக்கார்ட் பொத்தானை அழுத்துங்கள்

டிஜிட்டல் பியானோ இருக்கிற வீட்டுக்குப் போனால் என் கண் முதலில் போவது ரெக்கார்ட் பொத்தானுக்குத்தான். மற்ற பொத்தான்கள் விரல் பட்டுப் பட்டுப் பளபளவென்று இருக்கும், இதில் மட்டும் தூசி படிந்திருக்கும். வாங்கின புதிதில் ஒருமுறை அழுத்தி, ஏதோ வாசித்து, திரும்பப் போட்டுக் கேட்டு, "ஐயோ, இவ்வளவு கோணலாவா வாசிக்கிறேன்" என்று பயந்து அணைத்ததோடு சரி. ஏன் பயன்படுத்துவதில்லை என்று கேட்டால், "அதான் போன்ல ரெக்கார்ட் பண்ணிக்கிறோமே" என்பார்கள். போனில் பதிவது வேறு வேலை, இது வேறு வேலை. நான் கிருஷ்ணகிரியில் பகலில் பள்ளிக்கூட வேலை, சாயங்காலம் வீட்டில் சில பிள்ளைகளுக்குப் பியானோ, ஞாயிறு காலை கிறிஸ்தவக் கோயிலில் பாடகர் குழுவுக்கு வாசிப்பு என்று ஓடிக்கொண்டிருக்கிறவள். பக்கத்தில் உட்கார்ந்து திருத்துகிற ஆசிரியர் எனக்கு இங்கே கிடையாது, பெங்களூருக்கோ ஓசூருக்கோ போனால்தான் உண்டு. அந்த இடத்தை ஓரளவுக்கு நிரப்பியது இந்தப் பொத்தான்தான் என்பதால் இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எங்கள் வீடு ராயக்கோட்டை சாலைப் பக்கம். மாம்பழ சீசனில் கூழ் தொழிற்சாலைகளுக்குப் போகிற டிராக்டரும் லாரியும் ராத்திரி வரைக்கும் ஓயாது. போனை வைத்துப் பதிந்தால் ஹாரன், மின்விசிறி, பக்கத்து வீட்டு மிக்சி எல்லாம் சேர்ந்துதான் விழும், நடுவில் எங்கேயோ பியானோவும் கேட்கும். பியானோவின் சொந்த ரெக்கார்டரில் இது எதுவும் விழாது, ஏனென்றால் பெரும்பாலான கருவிகளில் அது சத்தத்தைப் பதிவதே இல்லை. எந்தக் கட்டையை எப்போது அழுத்தினீர்கள், எவ்வளவு வேகமாக அழுத்தினீர்கள், எப்போது விட்டீர்கள், சுரத்தை நீளவிடுகிற பெடலை எங்கே மிதித்தீர்கள், இவ்வளவுதான் அதன் கணக்கு. மிடி என்று சொல்வது இதைத்தான். ஒவ்வொரு கட்டைக்கும் ஓர் எண் உண்டு, நடுவில் இருக்கிற ஸி (C) கட்டைக்கு 60. அழுத்தும் வேகத்துக்கு 1 முதல் 127 வரை ஒரு மதிப்பு. திரும்பப் போடும்போது பியானோ இந்தக் குறிப்பைப் பார்த்துத் தானே மறுபடியும் வாசிக்கிறது. அதனால்தான் பியானோ ஒலியில் வாசித்ததை ஆர்கன் ஒலியில் கேட்கலாம், வேகத்தைப் பாதியாகக் குறைத்தாலும் சுருதி இறங்காது.

யோசனை புதிதில்லை. காகித உருளையில் துளை போட்டுப் பியானோவைத் தானாக வாசிக்க வைத்த காலம் ஒன்று இருந்தது. 1904-இல் ஜெர்மனியில் வந்த வெல்ட்டே-மின்யோன் என்ற கருவி வாசிப்பவரின் அழுத்தத்தையும் பெடலையும்கூட உருளையில் பிடித்துவைத்தது. பிரெஞ்சு இசையமைப்பாளர் தெபுசி தன் கையாலேயே அதில் வாசித்துப் பதிந்திருக்கிறார். 1983-இல் மிடி வந்தது. அந்த வருடம் ஜனவரியில் அமெரிக்காவில் நடந்த NAMM என்ற இசைக்கருவிக் கண்காட்சியில் சீக்வென்ஷியல் கம்பெனி கீபோர்டையும் ரோலண்ட் கம்பெனி கீபோர்டையும் ஒரு கம்பியால் இணைத்து, ஒன்றில் வாசித்தால் இன்னொன்று ஒலிப்பதைக் காட்டினார்கள். அதற்காகச் சீக்வென்ஷியலின் டேவ் ஸ்மித்துக்கும் ரோலண்டின் இகுதாரோ ககெஹாஷிக்கும் 2013-இல் தொழில்நுட்ப கிராமி விருது கொடுத்தார்கள். போட்டி போட்டு விற்கிற கம்பெனிகள் ஒரே மொழி பேச ஒத்துக்கொண்டது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான். சரி, விஷயத்துக்கு வருவோம்.

முதலில் சரளி வரிசை, அதாவது கர்நாடக சங்கீதத்தில் ஆரம்பப் பாடமாகச் சொல்லித்தருகிற சுர வரிசை. நான் கர்நாடக சங்கீதம் முறையாகக் கற்றவள் இல்லை, ஆனாலும் பிள்ளைகளுக்கு விரல் பயிற்சிக்கு மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசையைத்தான் கொடுக்கிறேன். ஸியை ஸட்ஜமாக, அதாவது ச-வாக வைத்தால் இரண்டு கறுப்புக் கட்டை வரும், கை தானாக ஒரு நல்ல வளைவுக்கு வந்துவிடும், மூன்று காலத்துக்கும், அதாவது மூன்று வேகத்துக்கும், ஒரே விரல் அமைப்பு போதும். வலது கையில் ச, ரி, க மூன்றையும் கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் என்று வாசித்து, நடுவிரலுக்கு அடியில் கட்டைவிரலை நுழைத்து ம பிடிக்க வேண்டும். வாசிக்கும்போது எல்லாம் சீராகத்தான் இருப்பதுபோலத் தோன்றும். முதல் காலத்தில் பதிந்து, திரும்பப் போடும்போது வேகத்தைப் பாதியாக்கிக் கேளுங்கள். ச... ரி... க... அங்கே ஒரு மயிரிழை இடைவெளி, அப்புறம் ம, அதுவும் மற்ற மூன்றையும் விடக் கொஞ்சம் தடித்து. கட்டைவிரல் தாமதமாக வந்ததை மறைக்க அழுத்தித் தட்டுகிறது. இறங்கி வரும்போது அதே இடத்தில் எதிர்ப் பிரச்சினை, ம முடிவதற்குள் நடுவிரல் தாண்டி வந்து க அவசரமாக விழும். இதை நான் வாயால் எத்தனை தடவை சொன்னாலும் பிள்ளைகளுக்கு ஏறாது. கேட்டால் ஏறும். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டுவிட்டு, "மிஸ், என் கட்டைவிரல் மட்டும் லேட்டா ஸ்கூலுக்கு வருது" என்றாள். அதற்குப் பிறகு அவளுக்கு நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. வாசித்த உடனே கேட்காதீர்கள். கையில் அந்த வாசிப்பின் சூடு இருக்கும்போது காது நாம் வாசிக்க நினைத்ததைத்தான் கேட்கும். எழுந்து போய் அடுப்பைப் பார்த்துவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு வந்து, முடிந்தால் பியானோவுக்கு முன்னால் உட்காராமல் தள்ளி நின்று கேளுங்கள். ஹெட்போனை விட ஸ்பீக்கரில் கேட்பது நல்லது என்பது என் அபிப்பிராயம், ஹெட்போனில் எல்லாமே கொஞ்சம் அழகாகக் கேட்டுத் தொலைக்கிறது.

அடுத்தது இரண்டு டிராக், அதாவது இரண்டு தனித்தனிப் பதிவு அடுக்கு, சங்கதி. பல கருவிகளில் இடது கைக்கு ஒரு டிராக், வலது கைக்கு ஒரு டிராக் என்று தனித்தனியாகப் பதிய முடியும். இடது கையை முதலில் பதிந்துவிட்டு, அதை ஓடவிட்டு வலது கையை அதன்மேல் வாசிக்கலாம். புதிதாக ஒரு பாட்டு எடுக்கும்போது இதைவிடச் சுகமான வழி கிடையாது. ஆனால் முதல் முறை செய்கிற எல்லோரும் ஒரே இடத்தில் முட்டுவார்கள்: பதிவு முதல் கட்டையைத் தொட்டவுடன் தொடங்கும், அதனால் ஓடவிடும்போது இடது கை எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் பாய்ந்துவிடும், வலது கை பின்னாலேயே ஓட வேண்டியதுதான். இதற்கு நான் செய்கிற வேலை, இடது கை டிராக்கின் தொடக்கத்தில் ஆகக் கீழே இருக்கிற ஏ கட்டையைத் தாளத்துக்கு நான்கு தடவை லேசாகத் தட்டிவிடுவது. நான்கு தட்டு, பாட்டு தொடங்கும். மூன்று எண்ணிக்கைப் பாட்டு என்றால் மூன்று தட்டு. கேட்க அசிங்கமாக இருக்கும், பயிற்சிக்குத்தானே, இருக்கட்டும். சில கருவிகளில் ரெக்கார்டைத் தயார்நிலையில் வைத்துவிட்டுப் பிளே பொத்தானை அழுத்தினால் வாசிக்காமலே பதிவு ஓடத் தொடங்கும், அப்படி ஒரு காலி அளவை, அதாவது ஒரு தாளச் சுற்றை, விட்டுவிட்டும் தொடங்கலாம்.

பெடல் விஷயத்தில் இன்னொரு குழி உண்டு. இடது கையைப் பதியும்போது பெடலை ஒழுங்காக மிதித்துவிட்டோம், வலது கைக்கும் அது சேர்ந்துகொள்ளும் என்று நினைப்போம். சேராது. இரண்டு டிராக்கும் மிடியில் தனித்தனிச் சேனல், பெடல் அந்தந்தச் சேனலுக்கு மட்டும்தான். வலது கையைப் பதியும்போதும் காலை வைத்தே ஆக வேண்டும், இல்லையென்றால் கீழே சுரங்கள் ஒன்றோடொன்று இழைந்து ஓட, மேலே மட்டும் வறட்டுத் தட்டலாகக் கேட்கும். அப்புறம், பழைய கருவியாக இருந்து ஒரே நேரத்தில் 64 ஒலிதான் தாங்கும் என்றால், ஓடுகிற டிராக்கும் நீங்கள் வாசிப்பதும் சேர்த்துத்தான் அந்த 64. பெடலைப் பிடித்துக்கொண்டே அடர்த்தியாக வாசித்தால் முன்னால் வாசித்த சுரங்கள் சத்தமில்லாமல் காணாமல் போகும். கருவி கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம்.

நடுவில் ஒரு தப்பு வந்தால் அந்த இடத்தை மட்டும் வெட்டித் திருத்த முடியுமா என்று கேட்பார்கள். சாதாரண விலைக் கருவிகளில் பெரும்பாலும் முடியாது, அந்த டிராக்கை ஆரம்பத்திலிருந்துதான் மறுபடி வாசிக்க வேண்டும். இது குறை என்று எனக்குத் தோன்றவில்லை. பாட்டை எட்டு எட்டு அளவாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் பதிந்து, கேட்டு, அழித்து, அடுத்ததற்குப் போகிறவர்களுக்கு அது தடையே இல்லை. முழுப் பாட்டையும் ஒரே மூச்சில் பிழையில்லாமல் பதிந்துவிட வேண்டும் என்று மல்லுக்கட்டுகிறவர்களுக்குத்தான் கஷ்டம், கடைசி வரியில் ஒரு விரல் தவறினால் அன்றைய பொழுதே கெட்டுவிடும். இந்த ரெக்கார்டரைச் சிலேட்டு மாதிரி வைத்துக்கொள்வதுதான் சரி. எழுதிப் பார், துடை, மறுபடி எழுது.

சிலேட்டு என்று சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. கீழ்விலைக் கருவிகள் பலவற்றில் ஒரே ஒரு பாட்டுக்குத்தான் இடம். புதிதாகப் பதிந்தால் பழையது போயே போச்சு, அழிக்கலாமா என்று கருவி கேட்கக்கூடச் செய்யாது. கோயில் திருவிழாவுக்கு என்று ஒரு பாட்டின் பின்னணியை நிதானமாகப் பதிந்து வைத்திருந்தேன். லீவுக்கு வந்திருந்த தம்பி பையன் மத்தியானம் முழுக்கப் பியானோவில்தான் உட்கார்ந்திருந்தான். சாயங்காலம் நான் பிளே பொத்தானை அழுத்தினால் கன்னாபின்னாவென்று ஏதோ அலறுகிறது.

"டேய், இது என்னடா?"

"நான்தான் அத்தை பண்ணேன். நல்லா இருக்குல்ல? சிவப்பு லைட் எரிஞ்சா இன்னும் ஜாலியா இருக்கு அத்தை."

அவனைத் திட்ட முடியவில்லை. சிவப்பு விளக்கு எரிகிற பொத்தானை எந்தப் பிள்ளைதான் அழுத்தாமல் இருக்கும். ஆக, வைத்துக்கொள்ள வேண்டியது எதுவாக இருந்தாலும் அன்றைக்கே வெளியே எடுத்துவிட வேண்டும், பியானோவுக்குள் நாளை வரை இருக்கும் என்று நம்பக்கூடாது. கரண்டும் ஒரு காரணம். பதிவை நிறுத்தியவுடன் கருவி அதை உள்ளே எழுத ஓரிரு வினாடி எடுத்துக்கொள்ளும், விளக்கு மினுங்கும். அந்த நேரத்தில் கரண்ட் போனாலோ அடாப்டரைப் பிடுங்கினாலோ பதிந்தது போய்விடலாம். சில மாடல்களில் பதிந்தது தற்காலிக நினைவில்தான் இருக்கும், நாமாகச் சேமித்தால்தான் தங்கும். நிறையக் கருவிகள் 30 நிமிடம் தொடாமல் விட்டால் தானாக அணையும்படி அமைத்துத்தான் வருகின்றன. பதிந்துவிட்டு, சாப்பிட்டுவிட்டு வந்து சேமிக்கலாம் என்று போனால் கதை முடிந்தது. கையேட்டில் அந்தத் தானணைப்பை நிறுத்தும் வழி இருக்கும், வாங்கின அன்றே நிறுத்திவிடுங்கள். பியானோவை இன்வெர்ட்டர் லைனில் போடுவதும் நல்லது, அது இழுக்கிற கரண்ட் கொஞ்சம்தான்.

தாளத்துக்கு டிக் டிக் என்று தட்டிக் காட்டுகிற மெட்ரோனோம் பற்றி. ரெக்கார்ட் செய்யும்போது மெட்ரோனோமைப் போட்டுக்கொண்டாலும் அந்த டிக் டிக் சத்தம் மிடிப் பதிவில் விழாது, அதனால் தயங்காமல் போட்டுக்கொள்ளலாம். போடாமல் பதிந்தால் கேட்பதற்கு ஒன்றும் கெடாது, ஆனால் பின்னாடி அதைக் கணினியில் மியூஸ்ஸ்கோர் மாதிரி இலவச மென்பொருளில் திறந்து நோட்டாக, அதாவது எழுதிய இசைக்குறிப்பாக, மாற்ற நினைத்தால் தலை சுற்றும். உங்கள் தாளத்துக்கும் கருவி எண்ணிய அளவுகளுக்கும் சம்பந்தமே இருக்காது, சாதாரணக் கால் நோட்டெல்லாம் கட்டுப்போட்ட பதினாறாம் நோட்டுகளாகச் சிதறிக் கிடக்கும். மெட்ரோனோமோடு, வேகத்தைக் குறைத்து, பெடல் இல்லாமல் வாசித்துப் பதிந்தால் ஓரளவு படிக்கிற மாதிரி வரும், மிச்சத்தைக் கையால் திருத்தலாம். எங்கள் குழுவில் காதாலேயே பாடிக்கொண்டிருந்த சில பாட்டுகளுக்கு நான் இப்படித்தான் நோட்டு எழுதினேன்.

பாடகர் குழு என்றதும் சொல்ல வேண்டியது. சனிக்கிழமை சாயங்காலப் பயிற்சிக்குச் சில வாரங்கள் என்னால் போக முடியாது, பள்ளியில் ஏதாவது வேலை வந்துவிடும். ஒலியாக மாற்றி வைத்த பின்னணியைக் குழுவுக்கு முன்கூட்டியே அனுப்பிவிடுவேன், ஸ்பீக்கரில் போட்டு அவர்கள் பாடிப் பழகுவார்கள். முதல் வாரமே புகார் வந்தது. "அக்கா, உங்க பியானோ ரொம்ப வேகமா ஓடுது, நாங்க சரணத்துக்குப் போறதுக்குள்ள அது பல்லவிக்கு வந்துடுது." என் வேகம் மாறவில்லை, மெட்ரோனோமில் நிமிடத்துக்கு 72 தட்டு வைத்துத்தான் வாசித்திருந்தேன். நான் நேரில் இருக்கும்போது அவர்கள் மூச்சு வாங்கும் இடத்தில் எல்லாம் நானும் நின்று கொடுத்திருக்கிறேன், அது எனக்கே தெரியாது. பதிவு காத்திருக்காது. பதிவை மாற்றுவதா, அவர்களைப் பழக வைப்பதா என்று யோசித்துப் பார்த்து, சரணத்துக்கு முன்னால் மட்டும் ஒரு அளவு கூடுதலாக விட்டுப் பதிந்து கொடுத்தேன், மற்ற இடங்களில் அவர்கள்தான் வேகத்துக்கு வர வேண்டும் என்று சொல்லிவிட்டேன். முணுமுணுத்தார்கள். கிறிஸ்துமஸ் வருவதற்குள் இழுவை பாதி குறைந்திருந்தது.

வெளியே எடுப்பதில்தான் பலர் குழம்புகிறார்கள். பியானோவில் பென்டிரைவ் சொருகும் துளை இருந்தால் வேலை சுலபம். ஆனால் கடையில் இப்போது கிடைக்கிற 64 ஜிபி பென்டிரைவைச் சொருகிவிட்டு "எடுக்கவே மாட்டேங்குது" என்பார்கள். பெரிய பென்டிரைவ்கள் எக்ஸ்ஃபேட் என்கிற கோப்புச் சேமிப்பு முறையில் வருகின்றன, நிறையப் பியானோக்களுக்கு ஃபேட்32 என்கிற பழைய முறை மட்டும்தான் புரியும். 8 அல்லது 16 ஜிபி ஒன்றை வாங்கி, பியானோவிலேயே ஃபார்மட் செய்துவிட்டால் பிரச்சினை இல்லை. மிடியாக எடுத்தால் நான்கு நிமிடப் பாட்டு சில பத்து கேபிதான் வரும். ஒலியாக, அதாவது வேவ் கோப்பாக எடுக்க வசதி இருந்தால், 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், ஸ்டீரியோ கணக்கில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 10 எம்பி, அதே பாட்டு 40 எம்பியைத் தாண்டும். மிடிக் கோப்பை அப்படியே வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். பல போன்களில் திறக்கவே திறக்காது, திறந்தாலும் போன் தன்னிடம் இருக்கிற ஒலியில் வாசித்துக் காட்டும், உங்கள் பியானோ பொம்மைக் கடைச் சாமான் மாதிரி ஒலிக்கும். அனுப்ப வேண்டுமென்றால் வேவை எம்பி3யாக மாற்றி அனுப்புங்கள்.

பென்டிரைவ் துளை இல்லாத கருவி என்றால், யூஎஸ்பி கேபிளும் அதைப் போனில் சொருக உதவும் ஓடிஜி இணைப்பியும் போட்டு நேராகப் போனில் ஒலியை எடுக்கிற வசதி இருக்கிறதா என்று கையேட்டில் பாருங்கள், சில கருவிகளில் உண்டு. மிடி மட்டும் போகும், ஒலி போகாது என்றால், ஹெட்போன் துளையிலிருந்து ஒலியைப் போனுக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் ஒரு சின்ன ஆடியோ இன்டர்ஃபேஸ் வழியாகப் போனுக்குக் கொண்டுபோகலாம். பியானோவில் பதிந்ததை ஓடவிட்டு இந்த வழியில் எடுத்தால் மாம்பழ லாரி எதுவும் குறுக்கே வராது.

இதனால் முடியாததும் இருக்கிறது. குரல் விழாது, பாடிக்கொண்டே வாசித்தால் வாசிப்பு மட்டும்தான் மிஞ்சும். கமகம், அதாவது சுரத்தை அசைத்து இழைக்கிற நெளிவு, கேட்காதீர்கள், அது ரெக்கார்டரின் குறை கிடையாது, கட்டைக்கும் கட்டைக்கும் நடுவே போக வழியில்லாத கருவி இது. டிரினிட்டி இசைத் தேர்வை வீடியோ அனுப்பி எழுதுகிற பிள்ளைகளின் பெற்றோர் வந்து, "பியானோவுலயே பதிஞ்சு அனுப்பலாமா மிஸ், அதுல தப்பு வராத மாதிரி பண்ணலாமே" என்று ஆசையாகக் கேட்கிறார்கள். முடியாது. வெட்டு ஒட்டு இல்லாமல் ஒரே தொடர்ச்சியாக எடுத்த வீடியோதான் வேண்டும், கையும் தெரிய வேண்டும். அதற்குத் தயாராவதற்குப் பியானோ ரெக்கார்டர், அனுப்புவதற்குப் போன்.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று. எல்லா டிஜிட்டல் பியானோவிலும் ரெக்கார்டர் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். யமஹாவின் சற்றுப் பழைய மாடல்களையே எடுத்துக்கொண்டால், பி-45-இல் கிடையாது, பி-125-இல் ஒரு பாட்டுக்கு இரண்டு டிராக் உண்டு. விலை வித்தியாசத்தைப் பார்த்துக் கடைக்காரர் "ரெண்டும் ஒண்ணுதான் சார், சத்தம் ஒரே மாதிரிதான்" என்பார். கடையிலேயே நின்று சரளி வரிசையில் ஒரு வரியைப் பதிந்து, வேகத்தைக் குறைத்துப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். எந்தப் பொத்தானை எதோடு சேர்த்து அழுத்த வேண்டும் என்று அவர் தேடுகிற நேரத்திலேயே அந்தக் கருவி தினமும் பயன்படுத்துகிற மாதிரி இருக்கிறதா இல்லையா என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும். மூன்று பொத்தானைப் பிடித்துக்கொண்டு கட்டையையும் அழுத்த வேண்டும் என்கிற மாடலாக இருந்தால், அதை யோசித்து வாங்குங்கள்.